கறுத்த சுருட்டுக்கு நாலு புள்ளி

லா கூர்னெவ்,
12 பங்குனி 2012

அன்புள்ள பேதுருவுக்கு,

தவரத்தினம் எழுதுவது. இங்கே நானும் கலாவதியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் மகள் ஷிரோமி, மருமகன் கிங்ஸ்டன் சுகத்தையும் பற்றி எழுது. கலாவதி காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றும்போது உன் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறாள். அவர்கள் வேறு இடத்தில் கும்பிடுகிற ஆட்கள் என்று சொன்னேன். "சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள்.

தொலைபேசி எடுத்தால் நான் மட்டுமே கதைக்க வேண்டியிருக்கிறது. மற்றப் பக்கத்தில் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். ஆனால் உன் மூச்சு மட்டும் கேட்கும்போது எனக்கு அடுத்த சொல் வருவதில்லை. அதனால்தான் கடிதம். கோபிக்காதே. கழுத்தில் வைத்துப் பேசும் கருவியை நீ மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாய் என்று ஷிரோமி சொல்லிக் குறைப்பட்டாள். தகரம் பேசுவது போல இருக்கிறதாம் உனக்கு. நத்தாருக்கு நத்தார் மாதா கோயிலில் தனியாக நின்று பாடியவனுக்கு அப்படித்தான் இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே பாரிஸில் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு வழமை போலத்தான். கடையில் வேலை கூடிவிட்டது. மரக்கறி வரும் விமானம் பிந்தினால் முதலாளி எங்களைப் பேசுகிறார், விமானத்தை நாங்கள் ஓட்டுவது போல. நானும் நீயும் முதலில் இருந்த அறையில் இப்போது வங்காளதேசப் பெடியங்கள் இருக்கிறார்கள். யன்னலில் உள்ளாடை காயப்போட்டிருந்தது. மேலே பார்த்துவிட்டு வந்தேன். கலாவதிக்கு முழங்கால் நோ கூடி, ஹொட்டேல் துப்புரவு வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் இருப்பதால் என்னை நன்றாகக் கவனிக்கிறாள். அதாவது, நான் எங்கே போகிறேன், வாயில் என்ன மணக்கிறது என்று கவனிக்கிறாள்.

போன கிழமை கிங்ஸ்டன் லொறியோடு ஒபர்வில்லியேக்குச் சாமான் ஏற்ற வந்தான். மொத்தக் கடை வாசலுக்கு என்னை வரச்சொல்லி ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்தான். "மாமா தந்துவிட்டவர், அங்கிள். ஷிரோமிக்குத் தெரியாது. நீங்களும் வாய் விட்டிடாதேங்கோ" என்றான். போதைப்பொருள் கைமாறுவது போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு தந்தான், பாவம்.

பெட்டிக்குள் ஒரேயொரு சுருட்டு. காய்ந்துவிடாமல் அப்பிள் தோல் ஒன்றும் போட்டுப் பொலித்தீன் பையில் கட்டியிருந்தாய். 'பிடித்துப் பார். முந்திப் போலப் புள்ளி போட்டு எழுது' என்று துண்டில் எழுதியிருந்தாய். நீ கேட்டதற்காகப் பிடித்தேன். உன் தொண்டை ஒப்பறேசனுக்குப் பிறகு நான் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும்.

சொல்கிறேன், மச்சான். அந்தச் சுருட்டு சரியில்லை. கறுப்பாக இருக்கிறதே என்று பெரிதாக நினைத்திருப்பாய். கறுப்பு வெறும் கறுப்புத்தான், சாயம் போட்டது போல. இழுத்தால் புகை வரச் சுணங்குகிறது. காரம் மட்டும் இருக்கிறது, ருசி என்று ஒன்றும் இல்லை. நனைந்த கடதாசியைக் கொளுத்தியது போல ஒரு மணம். பாதியிலேயே எறிந்துவிட்டேன். பத்துக்கு நாலு புள்ளி. அதுவும் நீ அனுப்பியது என்பதற்காக. நீ எதையும் இழந்துவிடவில்லை என்றே நினைத்துக்கொள். முந்தைய சுருட்டுகள் போல இப்போது வருவதில்லை.

சோதனை முடிவு எப்போது வரும்? டொக்டர் என்ன சொன்னார்? 2009இல் உனக்குக் குரல் அடைத்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்து, "ஊர்வலத்திலை கத்தினதாலைதான், சரியாப் போயிடும்" என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு யாருக்கும் வைத்தியம் சொல்வதில்லை. ஆகையால் டொக்டர் சொல்வதைச் செய்.

கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பெருவிரலும் பக்கத்து விரலும் சுருட்டுச் சுட்டுக் கொப்பளித்துப் போயிருக்கின்றன. முட்டை பொரித்த தாச்சி சுட்டது என்று கலாவதியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கடவுள், எந்தக் கடவுளாக இருந்தாலும், உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் நண்பன்,
தவரத்தினம்


துலூஸ்,
19 பங்குனி 2012

தவத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். வேறு வேலை எனக்கு இல்லை.

நாலு புள்ளியோ? பாதியிலேயே எறிந்தவனுக்கு விரல் எப்படிச் சுட்டது? எறியும்போது நெருப்பு, கையில் இருந்து நாலு விரல் தள்ளி அல்லவா இருந்திருக்கும்? நீ அதை நகம் எரியும் வரைக்கும் பிடித்திருக்கிறாய். அடிக்கட்டையில் குண்டூசி குத்தியும் பிடித்திருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? பிரசறிச் சாப்பாட்டுக் கடையில் ஒரே தொட்டியில் கோப்பை கழுவிய காலத்தில் இருந்து நீ பொய் சொன்னால் எங்கேயாவது ஓட்டை விடுவாய். செஃப் கேட்கும்போது நான்தான் உனக்காகத் திருத்திச் சொல்வேன். இப்போது எனக்கே சொல்லியிருக்கிறாய், திருத்துவதற்கு ஆளில்லை.

நான் ஏன் அதை அனுப்பினேன் என்று தெரியுமா? இங்கே ஷிரோமி வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு புகையிலைக் கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சுருட்டுகள் அடுக்கியிருந்தன. நிக்கரகுவாவில் இருந்து வந்தவை. நல்ல கறுப்பு, எண்ணெய் தடவியது போல மினுங்கின. நாங்கள் இரண்டு பேரும் மாதம் ஒன்று வாங்கி மாறி மாறிப் பிடித்ததில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒன்றை வாங்கி மூக்கடியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு மூச்சு இப்போது கழுத்து ஓட்டையால் போய் வருகிறது, மூக்கு சும்மா முகத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மூக்கு இல்லாவிட்டால் நாக்கும் பாதிதான். பலகைத் துண்டை மணந்தாலும் சுருட்டை மணந்தாலும் ஒன்று. அப்போதுதான் உன்னிடம் அனுப்ப நினைத்தேன்.

ஷிரோமி சூப் வைத்துவிட்டு "ருசியா இருக்கே அப்பா?" என்று கேட்கிறாள். நான் தலையாட்டுகிறேன். பங்குச் சுவாமியார் வந்து நான் முகத்தில் நல்ல களையோடு இருப்பதாகச் சொல்கிறார். கிங்ஸ்டன் என்னோடு கதைக்கும்போது நான் செவிடன் என்று நினைத்தோ என்னவோ கத்துகிறான். எல்லாரும் எனக்கு நல்லதுக்குப் பொய் சொல்கிறார்கள். நீ ஒருவன் மிச்சம் என்று நினைத்தேன்.

தவம், ஒன்று கேட்கிறேன். அந்தச் சுருட்டுகள் எல்லாம் நனைந்த கடதாசிதான் என்றால், நான் என்னத்துக்காக என் குரலைக் கொடுத்தேன்?

கொத்தமல்லிக் கதையை இனி எழுதாதே. அந்த வருஷம் வைகாசியில் லா சப்பலில் யாருக்குக் குரல் இருந்தது? கடைக்காரன், ஐயர், பெண்டுகள், எல்லாரும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த்தானே திரிந்தோம். அதற்குள் என் குரலை மட்டும் பிரித்துப் பார்க்க யாரால் முடியும்? என்னாலேயே முடியவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. நெஞ்சில் இரண்டு இடத்தில் புள்ளி தெரிகிறதாம். நீ போடுகிற புள்ளி மாதிரி இல்லை. கீமோ செய்ய வேண்டும் என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். யோசிக்கிறேன். செய்வதற்கு ஒரு காரணமும் அம்பிடவில்லை.

இது தவக்காலம். விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டேன்.

உண்மையை எழுது. எழுத ஏலாது என்றால் எழுதாதே.

பேதுரு


லா கூர்னெவ்,
26 பங்குனி 2012

என் அன்புள்ள பேதுருவுக்கு,

உன் கடிதத்தைக் கலாவதிதான் பிரித்தாள். நான் வேலையால் வந்தபோது குசினி மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தாச்சி சுட்டதோ?" என்றுதான் முதல் கேட்டாள்.

சுருட்டுப் பிடித்ததற்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அந்த மனுசன் வேறை ஒண்டும் கேக்கேல்லையே. என்ன மாதிரி இருந்தது எண்டுதானே கேட்டவர். அதைக்கூட உங்களாலை குடுக்க ஏலாமல் போச்சே?" என்றாள். அவர் மனம் நோகும் என்றுதான் அப்படி எழுதினேன் என்றேன். "அவற்ரை மனமோ, உங்கடை மனமோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி வைத்தாள். அன்று முழுக்க அவள் அதற்கு மேல் கதைக்கவில்லை. எனக்கு அவள் பேசியிருந்தாலே ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஷிரோமி தொலைபேசி எடுத்தாள். கிங்ஸ்டன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். "மாமா, உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? நான் வேலை செய்யிற வார்ட்டிலை எல்லாரும் உந்தப் புகையாலை வந்து கிடக்கிற ஆக்கள். நீங்கள் அப்பாவுக்குச் சுருட்டுக்கதை எழுதுறியள்!" என்று தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் பேசினாள். அவள் பிரெஞ்சில் பேசும்போது கோபம் இன்னும் சுத்தமாக இருக்கிறது. பிறகு குரல் இறங்கியது. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். டொக்டருக்கு முடிவு சொல்லவில்லையாம். என் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாயாம். பொய்க் கடிதத்தை ஏன் வைத்திருக்கிறாய், பேதுரு? அதைக் கிழித்து எறி. இதை வாசி.

சுருட்டு வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. கடை பூட்டு. முழங்காலுக்கு மருந்து வாங்கி வருகிறேன் என்று கலாவதியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மெற்றோ மேலே போகும் இரும்புத் தூண்களுக்குக் கீழே நடந்து, ஸ்டாலின்கிராட் நிலையம் தாண்டி, வாய்க்கால் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பையைப் பிரித்ததும் முதலில் மணந்து பார்த்தேன், நீ செய்ய முடியாமல் போனதை. மாட்டுக்கொட்டில் மணம் வந்தது. சிரிக்காதே, நல்ல மணம். வைக்கோலும் ஈரமும் சேர்ந்தது. அதற்குப் பின்னால் முந்திரிகை வற்றல். மேலிலை கருங்காலி போல இருந்தது. ஒரு நரம்பு மட்டும் நீளத்துக்கு ஓடியது. விரலால் அமத்தினால் பாண் போலக் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது லேசான சாமான் இல்லை என்று.

நெருப்புக்குச்சியால் சுற்றிச் சுற்றிக் கொளுத்தினேன். முதல் இழுவையில் மிளகு. வாய் முழுக்க இல்லை, பல்லுக்குப் பின்னாலே ஒரு வரிசையாக. மூக்கால் விட்டபோது கண்ணீர் வந்துவிட்டது. இது நாலு ஐந்து இழுவை மட்டும்தான். பிறகு மிளகு ஒதுங்கி இருந்தது, போகவில்லை, ஒதுங்கி இருந்தது. வறுத்த கோப்பி வந்தது. சீனி போடாத கறுத்த சொக்கலேற் வந்தது. புகை தடிப்பாக, நாக்கில் எண்ணெய் போலப் படிந்தது. இழுவைக்குக் கஷ்டமே இல்லை. சுணங்கியது என்று நான் எழுதியது முழுப்பொய்.

பாதியில் ஒரு இனிப்பு வந்தது, மச்சான். பனங்கட்டிப் பாகு அடிப்பிடிக்கப் போகிற நேரம் வருமே ஒரு மணம், கைப்பும் இனிப்பும் ஒன்றாக, அது. நான் வாயில் இருந்து எடுத்துச் சுருட்டைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் விழாமல் சாம்பல் நிறக் கல்லு மாதிரி நின்றது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் முந்தி எரிந்தது. அதைத் திருத்த நான் எச்சில் தொட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.

இனி எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது.

கொளுத்தும்போது உன்னை நினைத்துத்தான் கொளுத்தினேன். உனக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு இழுவையையும் மனதில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த இனிப்பு வந்த பிறகு நான் உன்னை மறந்துபோனேன். உன் கழுத்து ஓட்டையை, சோதனையை, கலாவதியின் முழங்காலை, கடையை, எல்லாவற்றையும் மறந்துபோனேன். தண்ணீரில் ஒரு படகு போனது. அதில் யாரோ கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன். கடைசிப் பங்கு வந்தது. தோல் மணம், மண் மணம், திரும்பவும் மிளகு, தலை லேசாகச் சுற்றியது. நான் சந்தோஷமாக இருந்தேன், பேதுரு. வேறு சொல் இல்லை. ஊரில் நடந்ததுக்குப் பிறகு, உனக்கு நடந்ததுக்குப் பிறகு, அப்படி ஒரு நேரம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. எறிய மனமில்லாமல்தான் விரல் சுட்டது.

விரல் சுட்டதும்தான் நீ நினைவுக்கு வந்தாய்.

ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, களவெடுத்தவன் போல. நாங்கள் ஒரே சுருட்டைத்தானே பிடித்தோம்? நீ இழுத்துவிட்டுத் தருவாய், நான் இழுத்துவிட்டுத் தருவேன். ஒரே புகை, ஒரே எச்சில். அது உன் தொண்டையில் போய் இருந்தது. என்னை விட்டுவிட்டது. தினமும் முகம் கழுவும்போது வாயைத் திறந்து கண்ணாடியில் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்றதும் ஒரு நிம்மதி வருகிறது. வந்த கையோடு உன் முகமும் வருகிறது. அதற்குப் பிறகு அந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று தெரியாது. அன்று வாய்க்கால் கரையிலும் அப்படித்தான். நீ மணக்கக்கூட முடியாமல் அனுப்பிய ஒன்றை நான் முழுதாகத் தின்றுவிட்டு, உன்னையும் மறந்துவிட்டு இருக்கிறேன். இதை உனக்கு எப்படி எழுதுவது? அன்று வீட்டுக்கு வந்து, வாயைக் கொப்பளித்து, நாலு புள்ளி என்று எழுதினேன். சுருட்டு கூடாது என்றால் என்மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும் போல இருந்தது. கலாவதி கேட்டது சரி. அது என்னுடைய மனத்துக்காக எழுதியதுதான்.

இப்போது சரியாகப் போடுகிறேன். நிறத்துக்கு இரண்டு. இழுவைக்கு இரண்டு. ருசிக்கு இரண்டு, மூன்று போட இடமிருந்தால் போட்டிருப்பேன். கடைசிப் பங்குக்கு இரண்டு. ஒரு பக்கம் முந்தி எரிந்ததால் சாம்பலுக்கு ஒன்று. எல்லாமாக ஒன்பது. நாங்கள் ஒன்றுக்கும் ஒன்பது போட்டதில்லை.

நீ கேட்டதற்கு என்னிடம் இவ்வளவுதான் பதில் இருக்கிறது. நாங்கள் பிடித்தவை நல்ல சுருட்டுகள். நல்லதை நல்லது என்று தெரிந்துதான் பிடித்தோம். ஆனால் ஒன்பது புள்ளிச் சுருட்டும் உன் குரலுக்கு விலை இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

கீமோவுக்குப் போ. காரணம் அம்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடமும் பெரிய காரணம் இல்லை. நான் எங்கே ஓட்டை விட்டேன் என்று பிடிக்க உன்னை விட்டால் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. நீ போகாமல் விட்டால் நான் இப்படியே பொய் சொல்லிக்கொண்டு, எல்லாரும் நம்பிக்கொண்டு, மிச்சக் காலம் போய்விடும். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு லீவு கேட்டிருக்கிறேன். ரயிலில் வருவேன். ஷிரோமி வாசலில் வைத்துப் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதுவரைக்கும் அந்தச் சூப்பைக் குடி. ருசி இல்லை என்றால் இல்லை என்று பலகையில் எழுதிக் காட்டிவிட்டுக் குடி.

என்னை மன்னி என்று எழுத வந்தேன். எழுதவில்லை. நீ சுகமாக இரு, அது போதும்.

உன்,
தவம்


துலூஸ்,
4 சித்திரை 2012

அன்புள்ள தவம் மாமாவுக்கு,

ஷிரோமி எழுதுகிறேன். தமிழில் எழுதி நிறைய நாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிழை இருந்தால் குறை நினைக்க வேண்டாம். அப்பா எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. அதனால் நான்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலை முடிந்து வந்தேன். அப்பா அதைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் என் கையில் தந்து, பலகையில் 'சத்தமாக வாசி' என்று எழுதினார். எனக்கு விருப்பமில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு நெடுநாள். வாசித்தேன்.

மேலிலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தன் சேட்டின் கையை விரலில் சுற்றிக் காட்டினார். கருங்காலிக்கு யன்னல் சட்டத்தைக் காட்டினார், பிறகு இல்லை, இன்னும் கறுப்பு என்று தலையை ஆட்டினார். பனங்கட்டிப் பாகு அடிப்பிடிக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டு, உள்ளே கொட்டாவி விடுவது போலத் தாடையை அசைத்தால் மூக்குக்குள் கொஞ்சம் காற்றுப் போய் மணம் தெரியும் என்று. அவர் ஒருநாளும் அதைச் செய்யவில்லை. நான் வாசிக்கும்போது செய்தார். முன்னால் என் சூப்தான் இருந்தது. எதை மணந்தாரோ தெரியாது.

நீங்கள் அவரை மறந்துபோனதாக எழுதிய இடத்துக்கு வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். மேலே என்ன வருகிறது என்று கண் முந்திப் பார்த்துவிட்டது. அப்பா மேசையில் தட்டினார். நான் ஒரு வரியை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தேன். திரும்பவும் தட்டினார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அதனால் முழுவதும் வாசித்தேன். படகு, கை காட்டியது, விரல் சுட்டது, எல்லாம்.

அப்பாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. கழுத்தால் காற்று சத்தமாக வந்தது. நான் மூச்சு அடைக்கிறது என்று நினைத்து ஓடிப்போய்ச் சளி உறிஞ்சும் கருவியை எடுத்து வந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார், மாமா. கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். ஒப்பறேசனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. குரல் இல்லாத சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு பலகையை எடுத்து எழுதினார்: 'என்னையே மறக்கப் பண்ணின சுருட்டுக்கு ஒன்பதோ? பத்து எண்டு எழுதி அனுப்பு அவனுக்கு.'

எழுதிவிட்டேன். பத்து.

அன்று சூப்பைக் குடித்தார். ருசி இல்லை என்று எழுதிக் காட்டிவிட்டுக் குடித்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம் வரவில்லை. மறுநாள் காலை தானே சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று. முதல் கீமோ செய்தாகிவிட்டது. களைத்துப் போயிருக்கிறார். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். அதை இதில் எழுத எனக்குத் தமிழ் போதாது. நீங்கள் வரும்போது சொல்கிறேன்.

இனி எழுதுவது கலாவதி மாமிக்குத் தெரிய வேண்டாம் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்தேன், மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கோ. உங்கள் வீட்டில் பொய்க்கு இனி இடமில்லைத்தானே.

நேற்று அந்தப் புகையிலைக் கடைக்கு நான் போனேன். என் வேலைச் சட்டையோடு போனேன், மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டு. முழுநாளும் மூச்சு எடுக்க முடியாத ஆட்களைத் தூக்கி நிமிர்த்திவிட்டு வந்து, அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். இருப்பதிலேயே கறுப்பானதைக் கேட்டேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அப்பாவுக்கு என்றேன். நல்ல மகள் என்றார்.

கிங்ஸ்டன் வருகிற கிழமை ஒபர்வில்லியேக்கு வருவார். அவரிடம் தந்துவிடுகிறேன். அப்பிள் தோல் அப்பாதான் வைத்தார்.

எனக்கு இதைக் கேட்க உரிமை இல்லை. மற்றவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்று வந்தால் நான் கலாவதி மாமியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றும் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், அதைப் பிடித்துப் பாருங்கோ. ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் தொண்டைக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

எழுதுங்கோ மாமா. நீளமாக எழுதுங்கோ. பிந்தாமல், கெதியாக எழுதுங்கோ.

உங்கள் மகள் போன்ற,
ஷிரோமி